புங்கமரத்தடிப் பெட்டி

ராணி இல்லாத தேனீப் பெட்டியை விரல் முட்டியால் தட்டினால் ஒரு சத்தம் வரும். ராணி இருக்கிற பெட்டி அப்படி இல்லை. தட்டியதும் 'உஸ்' என்று ஒரு சீறல், உடனே அடங்கிவிடும். யார் அது, வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்கிற மாதிரி. ராணி இல்லாததைத் தட்டினால் அடங்காது. உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, இழுத்து இழுத்து வரும். சாவு வீட்டில் அழுது ஓய்ந்த பெண்கள் விடிகாலைத் தூக்கத்தில் முனகுவார்களே, அந்த மாதிரி. எட்டு வருடத்துக்கு முன்னால் என் ஓரகத்தி வீட்டு வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இன்னும் காதில் இருக்கிறது. எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா அம்மிணி.

நீ ஏன் அப்படி ஒதுங்கிச் சன்னலோடு ஒட்டிக்கொள்கிறாய்? பயப்படாதே. என் மடியில் இருக்கிற இந்தப் பெட்டியின் வாசலைப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன். மேலே ஈரத்துணி. அந்தி சாய்ந்துவிட்டது, இனி அதுகளுக்கும் தூக்கம்தான். கண்டக்டர் பையன்தான் பெட்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னான். "உள்ள இருக்கறது அத்தனையும் பொம்பளைங்க சாமி, பொம்பளைங்களுக்கு உங்க பஸ்ஸுல டிக்கெட் இல்லையல்ல"ன்னு சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். பொய் இல்லை. வேலை செய்கிற பூச்சி எல்லாம் பெண்தான். நான் கோயம்புத்தூரில் தாவரவியல் படித்தவள். எதையும் தெரியாமல் செய்கிறவள் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நீ இறங்குகிற இடம் வர நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

என் ஓரகத்தி பெயர் சுலோச்சனா. என் கொழுந்தனார் சம்சாரம். அவர் நெஞ்சுவலியில் திடுமென்று போய்ச்சேர்ந்தபோது பாகம் பிரிக்காத சொத்து. எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கிணற்றடிக் காட்டையும் பழைய வீட்டையும் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. "தம்பியும் போயிட்டான், தனிப் பொம்பளை, நாமதான பாத்துக்கணும்" என்றார். சரி, பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு நான் மணமாகி வந்து விளக்கேற்றிய வீடுதானா கிடைத்தது? நாங்கள் மேற்குக் கோடியில் கான்கிரீட் தளம் போட்டு ஒரு தார்சு வீடு கட்டிக்கொண்டு போனோம். நடுவில் ஒரு வரப்பு. வரப்பின் கிழக்கு முனையில், பழைய வீட்டுக்கு எதிரில், ஒரு புங்கமரம். மரம் எங்கள் பங்கு, நிழல் அவள் வாசலில். அது ஒன்று போதாதா?

புது வீட்டுக்குப் போன பிறகும் அவர் பால் கறந்து வைத்துவிட்டு நேரே புங்கமரத்தடிக்குப் போய்விடுவார். அங்கே காற்று நன்றாக வருமாம். மேற்கே வீசாத காற்றா? ஆம்பளைகளுக்குப் பழகிய இடம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு காட்டிலும் அரசாணிக்காய்தான் போடுவோம். வெளியூரில் மஞ்சள் பூசணி என்பார்கள். அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில் கோலி அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். விடியும்போது மலர்ந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு பூச்சி ஆண் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பிஞ்சு பழுத்து, எலுமிச்சை அளவில் உதிர்ந்துவிடும். அரைகுறையாகச் சேர்த்தால் காய் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பிப்போகும். சந்தையில் அதைக் காலால் தள்ளுவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் மருந்தடித்து அடித்துப் பூச்சி இல்லாமல் போய்விட்டது. நான்தான் படித்துப் பார்த்து, மார்த்தாண்டத்துக்காரர் ஞானதாஸ் என்பவரிடம் நான்கு பெட்டி வாங்கிவந்து புங்கமரத்தடியில் வைத்தேன். இவரும் ஆசையாக ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். எறும்பு ஏறாமல் இருக்கக் கால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்.

அந்த வருடம் பிடித்த காயை நீ பார்த்திருக்க வேண்டும். ஒன்று போல ஒன்று, குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஆனால் பூச்சிக்கு வரப்பு தெரியுமா? அவள் காட்டில் என்னைவிட அதிகம் பிடித்தது. கிணற்றடி மண் வேறு. சரி, பிடிக்கட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? ஒரு சீர் வீட்டுப் பந்தியில் யாரோ கேட்கிறார்கள், "ஏனுங் சுலோச்சனா, இந்த வருசம் காய் அப்படிப் புடிச்சிருக்குதாமா?" இவள் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், "எங்க மண்ணு வாகுங்க." நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் இலையில் சோறு இருக்கிறது. மண்ணு வாகு. அந்த மண் யார் கொடுத்தது, அதில் பூச்சியை யார் விட்டது? அன்றைக்கு ரசம் வாங்காமல் எழுந்தேன்.

அடுத்த பருவம் பூ எடுக்கிற நேரம். பெட்டிகளை மேற்கே என் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அங்கிருந்தும் பூச்சி அவள் காட்டுக்குப் பறக்கும், எனக்குத் தெரியும். ஆனால் முதலில் என் பூவைத் தாண்டித்தானே போக வேண்டும்? தவிர, அவள் வாசலில் நின்று அந்த ரீங்காரத்தைக் கேட்கக் கூடாது. அதுதான் முக்கியம்.

தேனீப் பெட்டியை அப்படி இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. ஒன்று, ஒரு முழம் தள்ளி வைக்கலாம். இல்லாவிட்டால் பூச்சிக்கு எந்த அடையாளமும் தெரியாதபடி ஊர் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். நடுவில் வைத்தால் மேயப் போன பூச்சி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதற்கு ஒரு தந்திரம் சொல்வார்கள். வாசலுக்கு எதிரே ஒரு தழைக் கொம்பை நட்டு வைத்தால், வெளியே வரும்போதே இடம் மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போகுமாம். பெட்டிகளை மேற்கே மாற்றி வைத்து, எதிரே வேப்பங்கொம்பு வெட்டி நட்டேன். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "போகாது வசந்தாமணி, அதுக்கு அந்த எடந்தான் தெரியும்" என்றார். "நீங்க பேசாம இருங்க" என்றேன்.

மறுநாள் காலை எல்லாம் புறப்பட்டுப் போயின. சந்தோஷமாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் பார்க்கிறேன், மேற்கே ஒன்றும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் புங்கமரத்தடியில், வெறும் ஸ்டாண்டின் மேல், கொத்துக் கொத்தாக. பெட்டி இல்லாத இடத்தில் பெட்டியைத் தேடிக்கொண்டு. புது வாசல் கண்ணுக்கு எதிரே திறந்து கிடக்கிறது, இதுகள் போய்ப் பழைய காலைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. புத்தி என்று ஒன்று இருந்தால்தானே.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுலோச்சனா என்ன செய்தாள், மாட்டுக்குத் தவிடு வைக்கிற பழைய மரப்பெட்டியைத் துடைத்து அந்த ஸ்டாண்டின் மேல் வைத்தாள். எல்லாம் உள்ளே போய்விட்டன. நான் போய்க் கேட்டேன்.

"என்ன, எம் பூச்சியப் புடிச்சு வெச்சுக்கிட்டயாமா?"

"மழைல நனையுதுங்கக்கா. அதுகளாத்தான் வந்துச்சு. நாளைக்கு எடுத்துட்டுப் போயிக்குங்க."

"வந்ததெல்லாம் நீ வெச்சுக்கறதுதான ஒனக்குப் பழக்கம்."

அவள் பெட்டியின் மூடியைச் சரியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். பேசமாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. நாலு வார்த்தை பேசினால் நானும் நாலு பேசலாம்.

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? ராணிகள் என் பெட்டியில் இருக்கின்றன. ராணி இல்லாத கூட்டம் எத்தனை நாள் தாங்கும்? கிழடு தட்டி ஒவ்வொன்றாக விழுந்து போகும். நான்கு நாள் கழித்து, அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போய், அந்தத் தவிட்டுப் பெட்டியை முட்டியால் தட்டினேன். அப்போது கேட்டதுதான் அந்த முனகல். திரும்பவும் தட்டினேன். திரும்பவும் முனகியது. மூன்றாவது தடவை தட்டும்போது இவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

என் பெட்டிகளா? அவை என்னவாகும். மேய்கிற பூச்சி எல்லாம் அங்கே போய்விட்டது, உள்ளே குஞ்சுகளும் ராணியும் மட்டும். மேயப் போக ஆள் இல்லை. மூன்று பெட்டியில் மெழுகுப்பூச்சி விழுந்து அடையை அரித்தது, ஒரு நாள் மிச்சமிருந்தவையும் கிளம்பிப் போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவளுடையது சாகப்போகிறது அல்லவா?

ஒரு மாதம் கழித்து மறுபடி போய்த் தட்டினேன் அம்மிணி.

'உஸ்.' அவ்வளவுதான். அடங்கிவிட்டது.

ராணி எங்கிருந்து வந்தாள்? மூடியைத் திறந்தேன். நடுவில் அடை கட்டிய ஒரு மரச்சட்டம், அதன் தலையில் நீல பெயின்ட். நான் என் சட்டங்களுக்குத் தடவிய பெயின்ட். முட்டையும் இளம்புழுவும் இருக்கிற ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தால், ராணி இல்லாத கூட்டம் அதிலிருந்து தனக்கொரு ராணியை வளர்த்துக்கொள்ளும். என் வீட்டிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். யார்? என் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சட்டத்த எடுத்துக் குடுத்தீங்களா?"

"ம்."

"என்னக் கேக்கோணும்னு தோணலயா?"

"கேட்டாக் குடுத்திருப்பயா?"

"அவ கேட்டாளா?"

"அவளுக்கு என்ன தெரியும். அது அழுதுச்சு."

"பூச்சி அழுதுச்சா?"

"அழுதுச்சு. நீயுந்தான கேட்ட. தட்டித் தட்டிக் கேட்ட."

"கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு இருந்தது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு.

அதற்குப் பிறகு செய்ததையும் சொல்கிறேன். பூ மலர்ந்திருக்கிற காலை நேரத்தில் மருந்தடிக்கக் கூடாது. தேனீ வைத்திருக்கிற யாரும் அடிக்கமாட்டார்கள். பொழுது சாய்ந்து, பூ மூடிய பிறகுதான் அடிப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன் அல்லவா, தெரியாமல் செய்கிறவள் இல்லை என்று. விடிந்து பூவெல்லாம் வாய் திறந்து நிற்கிறது. ஒவ்வொரு பூவிலும் ஒரு பூச்சி, உடம்பெல்லாம் மஞ்சள் பொடி. ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். என் காடு, என் மருந்து. யார் கேட்க முடியும்? இவர் வரப்பில் நின்று பார்த்தார். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பழி அவர் மேலும்தான்.

வெயில் ஏறுவதற்குள் பழைய வீட்டு வாசல் முழுக்கப் பூச்சி. செத்தது பாதி, தன்னையே சுற்றிச் சுற்றித் தரையில் ஊர்ந்தது பாதி. சுலோச்சனா விளக்குமாற்றால் கூட்டி, முறத்தில் அள்ளி, வரப்புக்கு வந்தாள். என் பக்கத்தில் கொட்டினாள்.

"அக்கா, உங்களுதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு முறம் பூச்சி எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறாய்? ஒன்றும் இருக்காது. காற்றில் கொஞ்சம் என் புடவைமேல் வந்து ஒட்டியது.

"எனக்கெதுக்கு. உங்கிட்ட வந்துதுதான, நீயே வெச்சுக்க" என்றேன்.

எப்படிச் சொன்னேன் பார். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு திருப்தி.

என்னுடைய கடைசிப் பெட்டியும் அன்றைக்குத்தான் போனது. அது போகட்டும். அந்தப் பருவம் அவள் காட்டில் பிஞ்சு மொத்தமும் எலுமிச்சை அளவில் உதிர்ந்தது. சந்தைக்கு அவள் வண்டி போகவில்லை. நான் தினமும் வரப்பில் நின்று பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக, எலுமிச்சம்பழம் கொட்டிக்கிடக்கிற மாதிரி. என்ன கேட்டாய், என் காட்டிலா? என் காட்டிலும்தான் உதிர்ந்தது. அதனால் என்ன? நான் காயைப் பார்க்கவா போனேன்.

மருந்தடித்த அன்று சாயங்காலம் இவர் சாப்பிட வரவில்லை. மறுநாள் வந்து நாலு வேட்டியையும் டிரான்சிஸ்டரையும் எடுத்துக்கொண்டு போனார். பழைய வீட்டின் வெளி அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். ஊர் என்ன பேசியது என்று நீயே ஊகித்துக்கொள். அவருக்கு எழுபது, அவளுக்கு ஐம்பத்தைந்து. ஊர் பேசியது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. திருப்பூரிலிருந்து என் மகள் போன் செய்து, "அப்பாவைப் பத்தி இப்படிப் பேச விடறயேம்மா" என்றாள். அவள் எப்போதும் சித்தி பக்கம்தான்.

அப்புறம் வருடா வருடம் பூப்புக்குப் பூப்பு காலையில்தான் மருந்தடித்தேன். எந்த மரத்திலிருந்தும் எந்தப் பூச்சியும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது. பூச்சி இல்லாமல் காய் எப்படிப் பிடிக்கும் என்று கேட்பாய். கையால்தான். விடிவதற்கு முன்னால் இறங்க வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் வைத்து ஒரு சுற்று. பூவுக்குப் பூ குனிய வேண்டும். முதல் நாள் இறங்கி, பாதி வரிசை முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன். வரப்புக்கு அந்தப் பக்கம் இவர் குனிந்துகொண்டிருக்கிறார். கையில் ஆண் பூ. அவள் காட்டுக்கு.

ஏழு பருவம் அம்மிணி. விடிகாலையில் ஊரில் வேறு யாரும் எழுந்திருக்காத நேரத்தில், வரப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஒரு பேச்சு கிடையாது. அவர் இருமுவார், கேட்கும். நான் வரிசை முடிவில் திரும்பும்போது அவரும் திரும்புவார். எனக்கு முன்னால் அவர் முடித்துவிடக் கூடாது என்று வேகமாகக் குனிவேன். முழங்கால் போனது அதில்தான். சில நாள் நான் முடித்துவிட்டு நின்று பார்ப்பேன், அவருக்கு இன்னும் நாலு பூ இருக்கும். அந்த நாளெல்லாம் எனக்குக் காபி ருசியாக இருக்கும். பருவம் முடிந்து பூ நின்றுபோனால்தான் விடிகாலையில் என்ன செய்வதென்று தெரியாது.

இந்த வருடம் அந்தப் பக்கம் குனிய ஆள் இல்லை. சுலோச்சனாவுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். போன வாரம் வரப்புக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இந்த வருசம் காட்டைச் சும்மா போட்டுர்றனுங்க. நீங்களும் நிம்மதியா இருங்க."

"எதுக்குச் சும்மா போடற? அரசாணி போடு."

"போட்டா யாருங்க பூவத் தொடறது?"

"போடுன்னு சொல்றனல்ல. வெதைய ஊணு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. அவள் காட்டைச் சும்மா போட்டுவிட்டால் நான் யாரை ஜெயிப்பது? இத்தனை வருடம் பட்டதெல்லாம் எதற்கு? அவ்வளவு சுலபமாக அவளை விட்டுவிட முடியாது.

அதனால்தான் இந்தப் பெட்டி. ஞானதாஸைத் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே பலமான கூட்டமாகக் கேட்டு வாங்கினேன். "அம்மா, எங்க வைக்கப் போறிய? ஒரு தடவ வச்சா வச்சதுதான், கேட்டியளா" என்றார். எங்கே வைப்பேன்? பழைய இடத்தில்தான். புங்கமரத்தடியில், அவள் வாசலைப் பார்த்து. மேற்கே வைத்தால் அவள் தப்பித்துவிடுவாள். இனி மருந்தும் பொழுது சாய்ந்த பிறகுதான். ஸ்டாண்டு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அவர் அடித்த ஸ்டாண்டு, இத்துப்போகவில்லை. வருடா வருடம் யாரோ கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள்.

யோசித்துப் பார். இனி அவள் காட்டில் பிடிக்கிற ஒவ்வொரு காயும் என் பூச்சி கொடுத்தது. கவிழ்த்து வைத்த குடம் மாதிரி வாசலுக்கு முன்னால் காய்த்துக் கிடக்கும். மண்ணு வாகு என்று இனி எந்தப் பந்தியில் சொல்வாள்? காலையில் கதவைத் திறந்தால் என் ரீங்காரம், சோற்றில் என் காய். சாகிற வரைக்கும் என் தயவில் சாப்பிடட்டும். இதைவிடப் பெரிய தண்டனை ஒருவருக்கு நான் யோசித்துச் செய்ததில்லை.

என் நிறுத்தம் வருகிறது. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள், நான் கம்பியைப் பிடித்து எழுந்துகொள்கிறேன். பயப்படாதே, ஒரு தட்டுத் தட்டிப் பார்.

கேட்டதா? 'உஸ்.' நன்றாக இருக்கிறாள்.

அவரா? அவர் போன மார்கழியில் இறந்துவிட்டார். சுலோச்சனாவின் காட்டில், விடிகாலையில். நான் என் பக்கம் முடித்துவிட்டு, அவருக்கு இன்னும் ஒரு வரிசை இருக்கிறது என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஆண் பூவை எடுத்துவிட்டுத்தான் தூக்கினார்கள்.